முன்னும் பின்னும் ஒரே தந்தி

தந்திக் கிளாக்கருக்குச் செய்தி விளங்க வேண்டுமென்று சட்டமில்லை. ஓர் எழுத்தும் பிசகாமல் அனுப்பினால் போதும். கவுண்டருக்குப் பின்னால் இருந்து ஊராரின் சாவையும் கலியாணத்தையும் கேட்டு எழுதிப் பிழைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால், என் தொல்லை உங்களுக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். அறுபதுகளில் களுவாஞ்சிக்குடிப் பக்கம், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்னத் தபால் கந்தோரில் எனக்கு வேலை. தொல்லையின் பெயர் சாமுவேல் மாஸ்டர்.

மிதிக்காதே

மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ஒரு திங்கட்கிழமை காலை, பதுளைக்கு அனுப்பச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். அதில் STEP ON NO PETS என்று மட்டும் இருந்தது. வீட்டில் வளர்க்கிற பிராணி எதையும் மிதிக்காதே என்று அர்த்தம். பதுளையில் யாரோ யாருடைய நாயையோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்து, கடி பலமா என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னார். வாசித்தால் அதே வசனம். நம்முடைய விகடகவி போல, புலவர்கள் பாடிய மாலைமாற்றுப் போல, ஆங்கிலத்திலும் இப்படி உண்டாம். பதுளையில் இருந்தவர் வேலாயுதம் மாஸ்டர். இவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு, இப்போது மகள் வீட்டோடு போய்விட்டவர். ஒரு வாரம் இவர் ஒன்று அனுப்பினால் அடுத்த வாரம் அவர் ஒன்று அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாதவர் தோற்றவர். நான் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பதைக் கண்டு மாஸ்டர் சொன்னார்: "பயப்படாதீங்க தம்பி, பின்னால இருந்து அனுப்பினாலும் எனக்கு ஒரு நட்டமும் இல்ல."

பூனை

மோர்ஸ் முறையில் C என்ற எழுத்துக்கு ஒரு நீட்டு, ஒரு குத்து, மறுபடி ஒரு நீட்டு, ஒரு குத்து. முதல் நீட்டு காதில் விழாவிட்டால் மிச்சம் இருப்பது R. சோளகக் காற்று கந்தோர்க் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் எனக்கு அது விழவில்லை. பதுளையிலிருந்து வந்தது WAS IT A CAT I SAW, நான் கண்டது பூனையா என்று. நான் எழுதிக் கொடுத்ததில் பூனை எலியாகிவிட்டது.

வேறு எந்த எழுத்தில் பிழை விட்டிருந்தாலும் பின்னாலிருந்து வாசிக்கும்போது மாஸ்டர் பிடித்திருப்பார். இது சரியாக நடு எழுத்து. எலியோடும் வசனம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்தது. எலி அபாரம் என்று மாஸ்டர் பாராட்டி அனுப்பினார். எந்த எலி என்று அங்கிருந்து கேள்வி வந்தது. நான் தபாலதிபரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் இரண்டு படிவங்களையும் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "பூனைய எலியாக்கினது நீங்க, பதுளைக்கு மன்னிப்பும் நீங்களே கேளுங்க."

வரிசையில் நின்றவர்

ஒருநாள் மாஸ்டருக்குப் பின்னால் வயல் வட்டையிலிருந்து நேரே வந்த ஒரு வயல்காரர் நின்றார், காலில் சேறு காயாமல். கொழும்பில் வேலை செய்யும் மகனை அறுவடைக்கு வரச் சொல்லித் தந்தி கொடுக்க வேண்டும். மாஸ்டர் தன் வித்தையை அவருக்கும் விளக்கினார். உங்கள் மகனுக்கும் இப்படி ஒன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வயல்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேணாம் ஐயா, ஒரு பக்கம் வாசிச்சே அவன் பதில் போடுறது இல்ல."

இன்ஸ்பெக்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் அவசரகாலச் சட்டம் வந்தது. சங்கேத மொழியில் தந்தி ஏற்கக் கூடாதென்று எங்களுக்கு உத்தரவு. தினமும் காலையில் பொலிஸ் வந்து படிவங்களைப் புரட்டும். அந்த வாரம் மாஸ்டர் கொடுத்திருந்தது NEVER ODD OR EVEN. ஒற்றையுமில்லை, இரட்டையுமில்லை. எந்தத் திகதியில் என்ன நடக்கப் போகிறது என்று கேட்டு, மாஸ்டரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

படிவத்தை ஏற்றவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பும் என்று தபாலதிபர் ஜாடையாகச் சொன்னார். ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன்; கை ஓடவில்லை. பழைய படிவங்களை எடுத்துக்கொண்டு பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போனேன். மாஸ்டர் சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட விடவில்லை போலிருந்தது. நான் இன்ஸ்பெக்டருக்கு ஒவ்வொரு வசனமாகப் பின்னாலிருந்து வாசித்துக் காட்டினேன்.

இன்ஸ்பெக்டர் பென்சிலால் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தாக வெட்டிக்கொண்டு வந்தார். நடுவில் எல்லாம் சரியாக முடிந்தது. இரண்டு கிழவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். வேலாயுதத்துக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, கடிதம் எழுத முடியாது. தன் முறை வரும் வாரம் ஒரு வசனத்தை நாள் முழுக்க யோசித்து மகளிடம் சொல்லி அனுப்புவார், அது வந்தால் ஆள் இருக்கிறார் என்று தெரியும். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இன்ஸ்பெக்டர் படிவங்களை அடுக்கி என்னிடம் தந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கூட்டிப் போங்க, இனிமே ஒரு பக்கம் மட்டும் வாசிக்கிறது எழுதச் சொல்லுங்க."

மகளின் தந்தி

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சுகம், சுகமா என்று மட்டும் அனுப்பிக்கொண்டார்கள். நாலு மாதம் கழித்து, வேலாயுதம் மாஸ்டர் காலமானார் என்று மகளின் தந்தி வந்தது. தந்திச் சேவகனிடம் கொடுக்க மனம் வரவில்லை. நானே சைக்கிளில் கொண்டுபோனேன். மாஸ்டர் வாசித்தார், சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடேயே கந்தோருக்கு வந்தார்.

மகளுக்கு அனுதாபம் அனுப்ப வேண்டும். படிவத்தில் எழுதினார், கிழித்தார். மறுபடி எழுதினார். இரண்டு தலைமுறைக்கு ஆங்கிலம் படிப்பித்த மனிதர், நாலாவது படிவத்தை வெறுமையாகவே என் பக்கம் தள்ளினார். "எல்லாரும் அனுப்புறதையே அனுப்புங்க தம்பி."

ஓய்வு பெறும்வரை நான் அனுப்பிய அவசரத் தந்திகளுக்குக் கணக்கில்லை, ஆனால் மனப்பாடமாக இன்றும் சொல்லக் கூடியவை ஓர் அவசரமும் இல்லாத இந்த மூன்று வசனங்கள்தான்.