அப்பா பெயரில் வந்த கட்டுரைகள்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனோடு வேலை பார்த்த ஒருவரை எழுதித் தரக் கேட்டோம். நேரமில்லை என்றார். பத்தாம் வகுப்பில் தவறி, லாரியிலும் ஓட்டல்களிலும் ஊர் ஊராக அலைந்த நான் எழுதுகிறேன்.

அண்ணன் வெள்ளானூரில் பிறந்தார். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் லேத் வேலை கிடைத்ததும் பட்டாபிராம் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அண்ணனுக்குப் பதினொரு வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தார். பிறகு சமையல் அண்ணன்தான். சோறு குழைந்தால் அப்பா தட்டை வீசுவார். அண்ணன் தரையைத் துடைத்துவிட்டுப் படிக்க உட்காருவார். அப்படியே முனைவர் பட்டம் வரை படித்து, எண்பதுகளின் நடுவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

உப்புக் கரைசலில் படிகம் வளர்ப்பது அவர் வேலை. குடுவையை ஒரு மாதம் யாரும் அசைக்காமல் இருந்தால் மிளகளவு படிகம் கிடைக்கும். இது வேதியியலா இயற்பியலா என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு பேருமே நம்மள அவங்க ஆளு இல்லேன்றாங்கடா" என்றார்.

அவருடைய முதல் கட்டுரையைத் தட்டச்சு செய்தவன் நான். பம்பாயிலிருந்து திரும்பி வீட்டில் சும்மா இருந்த சமயம். வெளிநாட்டுப் பத்திரிகையின் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தது. அதை முழுதாகக் கட்டத்தில் தட்டச்சு செய்து, அண்ணன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டேன்.

அச்சாகி வந்ததைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "பெத்தவரையே விஞ்ஞானி ஆக்கிட்டியேடா. போவுது, உடு." பெயரை மாற்றினால் வேறு ஆள் என்று நினைப்பார்கள் என்று அடுத்து எழுதியவற்றையும் அதே பெயரில் அனுப்பினார்.

அப்பா அந்தத் தாள்களைப் பட்டாபிராம் ஸ்டேஷன் டீக்கடைக்கு எடுத்துப் போனார். "இன்னா அண்ணாத்தே, லேத்து ஓட்னது போதும்னு ராக்கெட் உடப் போறியா?" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். நாளடைவில் கிண்டல் நின்றது. "சயின்டிஸ்ட்டு வந்துகினு கீறாரு, தள்ளி குந்து" என்று பெஞ்சில் இடம் விட்டார்கள்.

வேலையில் சேர்ந்து பத்து ஆண்டான பிறகு அண்ணனின் பதவி உயர்வுக்கு நேர்முகம் வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் ஆய்வகத்தை இன்னொருவருக்கு விட்டுவிட வேண்டும். ஒருவருடைய கட்டுரையை உலகில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் போடும் தடித்த புத்தகம் ஒன்று உண்டாம். அதில் அண்ணன் பெயருக்கு எதுவும் இல்லை. எல்லா மேற்கோளும் அப்பா பெயருக்கு எதிரே இருந்தன. "உங்க அப்பா பெரிய ஆளு சார். பேசாம ப்ரமோஷனை அவருக்கே குடுத்துடலாமா?" என்று குழுவில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு, அந்தப் பெயருடையவர் தாம் எழுதவில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் பத்திரத்தில் எழுதித் தரட்டும் என்றார்கள்.

அண்ணன் பத்திரத்தோடு வந்தார். அப்பா இரண்டு தடவை படித்தார்.

"இன்னாடா இது? நான் எழுதலைன்னு நானே கையெழுத்து போடணுமா?"

"நீங்க எழுதலதானேப்பா."

"எம் பேருதானே போட்டுகீது? நாளைக்கு டீக்கடைல எவனாவது கேட்டா நான் பொய்யனா?"

"என் வேலைப்பா அது. பத்து வருஷம்."

"முப்பத்தஞ்சு வருஷம் இரும்பு சீவுனேன். எவன் எம் பேரை எழுதுனான்? இது ஒண்ணு கீது. இதையும் புடுங்க வந்துட்டியா?"

வியாழன் வரை அண்ணன் கேட்டார். பிறகு கேட்கவில்லை. பத்திரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி என்னைப் பார்த்து, "ஒரு கட்டத்தை காலியா உடத் தெரியலையேடா உனக்கு" என்றார். என்னை அவர் சொன்ன ஒரே கடுஞ்சொல் அது.

அவரைப் பொருள் கிடங்கின் கணக்கெடுப்புக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் குடுவைகளைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். அண்ணன் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். அடுத்த ஆண்டு, கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. யாரையும் ஏசியதில்லை.

அப்பா இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய கிடங்குத் தொழிலாளர்களுக்கும், இறுதிக் காரியங்களில் உடனிருந்த பட்டாபிராம் அண்டைவீட்டாருக்கும் எங்கள் நன்றி. உடலைப் பெற்றுக்கொள்ளும் தாளை ஆஸ்பத்திரியில் நீட்டியபோது, ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அப்பாவுக்கும் நன்றி.