பதினொரு பேருக்கு ஒரே முகவரி

என் கம்ப்யூட்டரை என் அண்ணன் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்ட அன்று நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோர மேஜையில் கறுப்பாக, பளபளவென்று ஒரு புதுப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து தம்பி எனக்கென்று வாங்கி அனுப்பிய பழைய பெட்டியைத் தஞ்சாவூர்க் கடைக்காரர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எல்லாத்தையும் காப்பி பண்ணிக் குடுத்துட்டாங்க. நீ பட்டனைத் தட்டுனா போதும்," என்றான் அண்ணன்.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் எதுவும் அவனுடையது என்று நினைப்பவன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முப்பத்து நாலு வயதில் அதே வீட்டில் இருக்கும் தங்கை உட்பட.

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருடங்களில் மூன்று வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டியிருந்தார். சிலர் சிங்கப்பூர், சிலர் மலேசியா, பெரும்பாலும் வளைகுடா. தபால் வர பதினைந்து நாள் ஆகும். வெளிநாட்டுக்கு போன் போட்டால் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பாதிப் பேச்சிலேயே வைத்துவிடுவார்கள். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். மின்னஞ்சல் என்று ஒன்று வந்ததும் ஊர்க் கடிதமெல்லாம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

எழுதியவர்களில் பதினொரு பேர் வளைகுடாவில் ஒரே தொழிலாளர் கேம்ப்பில் தங்கி வேலை பார்த்தவர்கள். அந்த கேம்ப்பில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த கேரளாக்காரரிடம் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. பதினொரு பேரும் அந்த ஒரே முகவரியிலிருந்துதான் எழுதுவார்கள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி. நான் அச்செடுத்துப் படித்துக் காட்டுவேன். பெண்கள் பதில் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, பள்ளிவாசல் தெருக்காரர்களும் சரி. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு, "நீ சொல்லு" என்பார்கள். பிள்ளை கூட வராத நாளில் என்னிடம் வந்து "அவங்களுக்கு எழுதணும்க்கா" என்று மட்டும் சொன்னால் நான் எந்த அவங்களைத் தேடுவது? அதனால் முகவரிப் புத்தகத்தில் நானே பெயர் வைத்தேன். பச்சை வீடு. ரெட்டைப் பிள்ளை அப்பா. முருங்கைமரம். அத்தர் கடை மருமகன். பதினொரு பெயர், பதினொன்றுக்கும் ஒரே முகவரி. கடிதத்தின் தலைப்பிலும் அந்தப் பெயரையே போடச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து அவர்களும் அதையே போட்டு எழுதினார்கள். மூன்று வருடம் ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

புதுப்பெட்டி வந்த மூன்றாம் நாள் காலையில் பச்சை வீட்டுக்காரி வந்தாள். பள்ளிவாசல் தெருவில் பச்சை அடித்த ஓட்டு வீடு அவளுடையது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள். அவள் புருஷனை அங்கே போலீஸ் சோதனையில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்று கேம்ப்பிலிருந்து போன் வந்திருக்கிறது. கையில் காகிதம் எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட முதலாளி, இவன் என் ஆளே இல்லை என்று கையை விரித்துவிட்டான். அனுப்பி வைத்த ஏஜெண்டைப் பிடிக்க முடியவில்லை. பாஸ்போர்ட் நகல் ஒன்று கிடைத்தால் போதும், தூதரகத்தில் கொடுத்து, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் அவுட்பாஸ் வாங்கி ஊருக்கு ஏற்றி விட்டுவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம்.

"உங்ககிட்ட அனுப்பி வச்சிருக்காங்கன்னு சொன்னாங்கக்கா."

அனுப்பியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து, 'அக்கா, எங்க வீடு ஒழுகுது, இத நீங்க பத்திரமா வச்சுக்கங்க' என்று எழுதியிருந்தார். எனக்கு வரி வரியாக நினைவிருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் புதுப்பெட்டியைத் திறந்தேன்.

ஒரு கடிதமும் இல்லை. முகவரிப் புத்தகத்தைத் திறந்தேன். அத்தர் கடை மருமகன் மட்டும் இருந்தார். மற்றப் பத்துப் பேரையும் காணோம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவளை அனுப்பிவிட்டுக் கடைக்கு போன் செய்தேன். கம்ப்யூட்டர் மாற்றிய ஆள் பேசினார். டிப்ளமா படித்தவர், அமைதியான குரல். முகவரிப் புத்தகத்தில் ஒரே முகவரி பதினொரு தடவை இருந்ததாகவும், தவறுதலாகத் திரும்பத் திரும்பப் பதிந்தது என்று நினைத்து ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிட்டதாகவும் சொன்னார். "குப்பையா இருந்துச்சு மேடம், கிளீன் பண்ணிக் குடுத்தேன்," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்துக் குடும்பத்தைக் கூட்டித் தள்ளிவிட்டு, நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்.

கடிதங்களைப் பற்றிக் கேட்டதற்கு, அவையெல்லாம் சர்வரில் இருக்கும், தானாக வரும் என்றார். வராது. அது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்தத் தப்பு என்னுடையது. சர்வரில் எனக்குக் கொடுத்திருந்த இடம் கையளவு. அடிக்கடி நிரம்பிக் கடிதங்கள் திரும்பிப் போயின. அதனால் கடிதம் என் பெட்டிக்குள் இறங்கியதும் சர்வரிலிருந்து அழியும்படி நானே வைத்திருந்தேன். கேம்ப் கம்ப்யூட்டரிலும் அனுப்பிய கடிதம் எதையும் வைத்திருப்பதில்லை. உலகத்தில் அந்தப் பாஸ்போர்ட் நகல் இருந்த ஒரே இடம், என் அண்ணன் வேனில் ஏற்றி அனுப்பிய பழைய பெட்டிதான்.

பழைய பெட்டி எங்கே என்றேன். பிரித்தாகிவிட்டது, ஹார்ட் டிஸ்க்கைத் திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், நாளை மதியம் அழித்துவிட்டு அவருக்கு மாட்டிக் கொடுக்கப்போகிறார்கள் என்றார். நான் வரும்வரை அதில் கை வைக்கக்கூடாது என்றேன். பார்க்கலாம் மேடம் என்றார். இந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாலை புதுப்பெட்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு நானே ஒரு கடிதம் அனுப்பி, அது பெட்டிக்குள் எங்கே போய் உட்காருகிறது என்று தேடினேன். கண்ணில் படாமல் ஒளித்து வைத்த ஃபோல்டர், அதாவது அடைவு, ஒன்று இருந்தது. அதற்குள் அடைவு, அதற்குள் இன்னொரு அடைவு. கடைசியில் கடிதங்கள் ஒரு கோப்பிலும் முகவரிகள் வேறொரு கோப்பிலும் இருந்தன, இரண்டுக்கும் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்துத் தனித்தனி வால் எழுத்துகள். அவற்றை உர மூட்டைக் கம்பெனி கொடுத்த காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் வயலில் நடவு. இருபது பெண்கள் சேற்றில் இறங்கப் போகிறார்கள், பத்து மணிக்கு டீயும் வடையும் வரப்புக்குப் போயாக வேண்டும். அது என் வேலை. நான் காலையிலேயே புடவை மாற்றிக் கிளம்பி நிற்பதைப் பார்த்து அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். ஊரில் உள்ளவன் பொண்டாட்டிக்கெல்லாம் நான் ஏன் அலைய வேண்டும் என்றான். போனது போனதுதான், இனிமேல் வருகிற கடிதத்தைப் பார் என்றான். அதுவரை அவனிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"என்னை நம்பி ஒருத்தர் பத்திரமா வைக்கச் சொன்னது. அதை நீ கேக்காம தூக்கிக் குடுத்துட்ட. இன்னைக்கு டீயை நீ போடு."

வழிவிட்டான். டீத்தூள் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் கடை திறக்கும்போதே நான் வாசலில் இருந்தேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். இன்றைக்கு முடியாது, ஆள் இல்லை, விட்டுவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். டிஸ்க் என் கண் முன்னால் மாட்டப்படும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்றேன். பதினொன்றரை மணிக்குத் திருக்காட்டுப்பள்ளிக்காரரும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே, "மொதல்ல அந்தம்மாவுக்குப் பாருங்க. என் மச்சானும் அங்கதான் இருக்கான்," என்றார். அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது.

டிப்ளமாக்காரர் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். வழக்கமாகப் பார்க்கும் இடங்களைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் காலண்டர் தாளை நீட்டினேன். ஒளித்த அடைவுகளைக் காட்டச் சொல்லி, இந்த வால் எழுத்துகளைத் தேடுங்கள் என்றேன். தேடினார். வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றிலும் இன்பாக்ஸ் கோப்புதான் பெரிதாக இருந்தது. டிப்ளமாக்காரர் என்னைப் பார்த்து, "இது எனக்குத் தெரியாதுக்கா," என்றார். மேடம் அக்காவானதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு சிடியில் பதிந்து, உறை போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சிடியிலிருந்து கோப்புகளை ஏற்றினால் புதுப்பெட்டி திறக்கமாட்டேன் என்கிறது. வேறு யாரோ பயன்படுத்துகிறார்களாம். யார் பயன்படுத்துகிறார்கள், நான் ஒருத்திதானே உட்கார்ந்திருக்கிறேன்? மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் அதே பதில். பிறகு ஒவ்வொரு கோப்பாகச் சொடுக்கி அதன் விவரத்தைப் பார்த்தேன். சிடியிலிருந்து வந்ததால் எல்லாவற்றுக்கும் 'படிக்க மட்டும்' என்று ஒரு டிக் விழுந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். மறுபடியும் ஏற்றினேன். மூன்று வருடக் கடிதமும் மளமளவென்று வந்து இறங்கியது. முகவரிப் புத்தகத்தில் பச்சை வீடு, ரெட்டைப் பிள்ளை அப்பா, முருங்கைமரம், எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நான் அழுதேன்.

ஆள் அனுப்பியதும் பச்சை வீட்டுக்காரி ஓடி வந்தாள். பச்சை வீடு என்ற தலைப்பில் வந்த கடிதங்களில் பழையதாகத் தேடிப் படத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் மீசை இல்லாத ஒரு முகம். "இவங்கதான்," என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்து கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குக் கீழே மனைவி பெயர். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வரியில் விரலை வைத்து, இது உன் பெயர் என்றேன்.

"என் பேரு எதுக்குக்கா அவங்க பாஸ்போர்ட்டுல?"

பெண்டாட்டி பெயர் எழுதவேண்டிய இடம் இது, அவர் சொல்லித்தான் எழுதியிருப்பார்கள் என்றேன். அவள் திரைக்குக் கிட்டே வந்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை வெகு நேரம் பார்த்தாள்.

தூதரகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதவேண்டியிருந்தது. யாருக்காக என்ற இடத்தில் நான் பாஸ்போர்ட்டைப் பார்த்தே தட்டியிருக்கலாம். தட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இருங்கக்கா. நானே சொல்றேன்."

சொன்னாள். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுப்பெயரும், அவர் அத்தாவின், அதாவது அப்பாவின், பெயரும் சேர்த்து. சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரும் அடிக்க வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதுபோல. அன்றே விண்ணப்பத்தையும் படங்களையும் கேம்ப் முகவரிக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் பல இடங்களில் சொன்னாள். கலெக்டர் ஆபீஸ் ஜன்னலில், எஸ்டிடி பூத்தில், கேம்ப்காரர்களிடம் போனில். பிள்ளையை முன்னால் தள்ளவில்லை. அவுட்பாஸ் வர மூன்று மாதம் ஆயிற்று. நட்ட வயல் அறுப்புக்கு வந்திருந்த சமயத்தில் அவர் ஊர் வந்து சேர்ந்தார், கையில் ஒரே ஒரு பாலிதீன் பையோடு.

வந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு அக்கா, அக்கா என்றார். அவருடைய கடிதங்களைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. எதிரில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

அப்போது தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. பச்சை வீட்டுக்காரி எங்கள் கேட்டில் நின்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சோறு ஆறுகிறது, வாங்க என்றாள். தெருமுனைவரை கேட்டிருக்கும். அவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். பிறகு அவர் முகம் சிரிப்பாக மாறியதை நான் பார்த்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள்.

அண்ணன் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான், இதெல்லாம் உன் வேலைதானே என்பதுபோல. ஆமாம், என் வேலைதான் என்றேன்.