பூங்காவில் யாரும் இல்லை

மூன்றாவது கூட்டத்தில்தான் பூங்காக்கள் வந்து சேர்ந்தன. அதுவரை வீடுகள், கடைவரிசைகள், பள்ளிகள் என்று ஈப்போவின் ஒரு பகுதியில் மறுசுழற்சிப் பொருள்களை அள்ளும் ஒப்பந்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் முதலாளியான சீனத் தவுக்கேக்கு மலாய் அவ்வளவாக வராது, கோபம் மட்டும் நன்றாக வரும். அதனால் பேசுகிற வேலை என்னுடையது. பூங்காவில் நாலு டின்னைத் தவிர என்ன கிடைக்கும் என்று அவர் முணுமுணுத்தார். மாநகர மன்ற அலுவலகமோ பூங்காவும் சேர்ந்தால்தான் கையெழுத்து என்றது.

பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கொரு நினைப்பு. ஒரு நாளைக்கு லாரி ஒரு நடை வந்தால் போதும் என்று இறக்கினேன். பூங்காத் தொட்டிகளில் வேறு எவரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன். தவுக்கே முதன்முறையாகச் சிரித்தார். தாளில் என்ன இருந்தால் என்ன, நம் லாரி ஆட்கள் அக்காவைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு.

அக்கா என்று நான் சொல்வது கூடப் பிறந்தவரை அல்ல. இருவரும் ஒரே தோட்டத்து ஆட்கள். அவர் அங்கே ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். விடிவதற்குள் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, ஓட வேண்டும். பேர் கூப்பிட்டதும் "ஆளு இருக்கு" என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாக மாறியபின் ஈப்போவின் சிலிபினுக்கு வந்துவிட்டார். பக்கத்துப் பூங்காவில் காலையில் டின் பொறுக்கி விற்பார். கணவர் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருக்கிறார். டின் விற்ற காசில் ஞாயிறுதோறும் பஸ் ஏறி, அவருக்குப் பிடித்த கோழிச் சோறு வாங்கிக்கொண்டு போவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும்.

அன்று கையெழுத்துக்கு முன்னால், அதிகாரி ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தப் பூங்காக்களில் இப்போது யாராவது பொறுக்குகிறார்களா?"

"தக் அடா, துவான்," என்றேன். யாருமில்லை, ஐயா.

யோசிக்கவே இல்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நோட்டோடு லய வீடுகளுக்கு வந்து, விறகு எடுத்தது யார், மாடு வைத்திருப்பது யார் என்று கேட்டால், வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான்: "தெரியாதுங்க." ஆபீசுக்கு ஒருத்தர் பேரைச் சொல்வது காட்டிக்கொடுப்பது. அந்தப் புத்தி என் நாக்கில் ஊறிக் கிடந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"நல்ல வேளை தம்பி," என்று அவர் எனக்கு ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் குடித்தேன்.

ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்தபோதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே பொறுக்குகிறவர்களின் பட்டியல். பேர் இருந்தால் அட்டையும் மேலங்கியும் உண்டு, அதே இடத்தில் தொடர்ந்து எடுத்துக்கொள்ளலாம். மற்ற பகுதிகளில் பேர்கள் இருந்தன. எங்கள் பூங்காக்களுக்கு நேரே ஒரு கோடு. ஓடிப்போய்க் கேட்டேன். அதிகாரி கெட்டவர் இல்லை. "நீங்கள்தானே சொன்னீர்கள்? ஒப்புதல் ஆகிவிட்டது. அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம்," என்றார். அடுத்த வாரமே பூட்டுப் போட்ட புதுத் தொட்டிகள் வந்து இறங்கின. நுணலாவது தன் வாயால் கெடும். அக்கா என் வாயால் கெட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பூட்டின் முன்னால் வெறும் சாக்கோடு அவர் நிற்பதைப் பார்த்தபின் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ என் பேரச் சொல்லியிருந்தா எழுதியிருப்பாங்களா?"

"எழுதியிருப்பாங்க அக்கா."

அவர் சாக்கை மடிக்க ஆரம்பித்தார். "இந்த ஞாயித்துக்கெழம நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்கா," என்றேன்.

"வேணாம் தம்பி. ஒனக்கும் வேல வெட்டி இருக்கு. ரெண்டு வாரம் கூட்டிட்டுப் போவ, அப்புறம் விட்டுப் போயிரும். அவரு வாரா வாரம் வாசலயே பாத்துக்கிட்டு இருப்பாருலா."

சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"பெரட்டுல நான் ஒரு நாளும் தவறினது இல்ல தம்பி. இங்கயும் ஆளு நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். நீதான் இல்லேன்னுட்ட."