தூணின் அந்தப் பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லிலிருந்து மதுரை நாயக்கர் மகாலைப் பார்க்கப் போன வேனில் எங்களோடு ஒரு தோல் வியாபாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். மருதாணியில் சிவந்த தாடி, பெரிய உடம்பு.

பள்ளிவாசலில் இருப்பது போன்ற வளைவுகளையும், கோயிலில் இருப்பது போன்ற யாளிகளையும் நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் ஒவ்வொரு தூணாகப் போய்க் கட்டிப்பிடித்தார். மறுபக்கத்திலிருந்து அவர் மனைவியும் பிடிப்பார். இருவர் விரல்களும் எட்டவேயில்லை.

"இன்னும் செத்த எட்டிப் புடி புள்ள," என்பார். அந்த அம்மாள் சிரிக்கும் சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

எனக்கு எரிச்சலாக வந்தது. "எட்டாதுன்னுதான் தெரியுதுல்ல பாய்," என்றேன்.

"கல்யாணமான புதுசுல வந்தப்பவும் எட்டல தம்பி. அதுக்குன்னு இம்புட்டு தூரம் வந்துட்டு புடிக்காமப் போறதா?"

அவர்கள் நகர்ந்ததும் அதே தூணை நான் பிடித்துக்கொண்டு, என் மனைவியை அந்தப் பக்கம் வரச் சொன்னேன்.

"சேலையில சுண்ணாம்பு ஒட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் வேனைப் பார்த்து நடந்தாள்.

பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்குள்ள பொறாமை இன்னும் ஆறவில்லை. பிறகு பலமுறை மகாலுக்குப் போய்விட்டேன். வளைவுகளையும் யாளிகளையும் பார்ப்பேன், தூண்களைத் தொடுவதில்லை.