லேடி மேவிஸ்

மேவிஸ் பிறந்து வளர்ந்தது கிரிம்ஸ்பி துறைமுகத்தில், அம்மா எட்னாவின் மீன் வறுவல் கடைக்கு மேல்மாடியில். அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் அவள்தான். அங்கே கூடப் படித்த ஹியூகோ தார்ன்பியைக் கட்டிக்கொண்டாள். அவன் குடும்பத்தில் தகப்பனுக்குப் பின் மகன் என்று 'சர்' பட்டம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்துகொண்டிருந்தது. பெரிய வீடு, ஒழுகும் கூரை. போன குளிர்காலத்தில் மாமனார் காலமானதும் ஹியூகோ சர் ஹியூகோ ஆனான். அவள் லேடி தார்ன்பி ஆனாள்.

கோடையில் ஊர் மலர்க் கண்காட்சியை அவள்தான் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அம்மாவைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். அப்படி யோசித்ததே கூச்சமாக இருந்ததால் கூப்பிட்டுவிட்டாள்.

எட்னா புதுத் தொப்பி வைத்துக்கொண்டு, தன் கையால் செய்த பிளம் ரொட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். தேநீர்க் கூடாரத்தில் கர்னலின் மனைவி திருமதி ராக்ஸ்பி தானாக வந்து கைகொடுத்தாள்.

"நீங்க யாரு, தெரியலையே?"

"நான் லேடி மேவிஸோட அம்மா," என்றாள் எட்னா. குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது. கடையில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

திருமதி ராக்ஸ்பியின் புருவம் ஏறியது. "லேடி மேவிஸா? அப்ப உங்க வீட்டுக்காரர் ஏர்ல் பிரபுவா? சொல்லவேயில்லையே!"

"இல்லீங்க, அவரு மீன் வெட்டுறவரு."

பக்கத்து மேசையில் யாரோ தேநீர்க் கோப்பைக்குள்ளேயே சிரித்தார்கள். மேவிஸுக்குக் காது சுட்டது.

"அம்மா, அப்படிச் சொல்லக்கூடாது," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏர்ல் மாதிரி பெரிய பிரபு வீட்டுல பொறந்த பொண்ணுக்குத்தான் லேடிக்குப் பின்னாடி சொந்தப் பேர் வரும். நான் லேடி தார்ன்பி. அவ்வளவுதான்."

எட்னா மகளையே பார்த்தாள். "அப்ப நாங்க வச்ச பேரு என்னடி ஆச்சு?"

திருமதி ராக்ஸ்பி ரொட்டியை ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்தாள்.

இந்த விதி மேவிஸுக்கே இந்த வசந்தத்தில்தான் தெரியவந்தது. பாதிரியாருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில் 'லேடி மேவிஸ் தார்ன்பி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாமியார் அதைப் பார்த்தார். வேலைக்காரி வெளியே போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, "எல்லாரும் செய்யுற தப்புதாம்மா," என்று மெல்லச் சொன்னார். பிறப்பிலேயே பெரிய இடத்துக்காரி என்று தான் இத்தனை நாள் மனசுக்குள் ஏளனம் செய்த அந்த மாமியார் கதவைச் சாத்தினார். படித்தவள், மீன் கடைக்காரி மகள், தானோ அம்மாவுக்காக எந்தக் கதவையும் சாத்தவில்லை. எந்தப் பரீட்சைக்காக இதையெல்லாம் இவ்வளவு கவனமாகப் படித்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

மேடையிலிருந்து பாதிரியார் கூப்பிட்டார். அம்மாவை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும், மைக்கில் அவள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

எட்னா கூடாரத்தின் பின்னால், ஊர்ப் பெண்களோடு சேர்ந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

"அம்மா, வா. என்கூட முன்னாடி வந்து உக்காரு."

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எட்னா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்க போங்க, லேடி தார்ன்பி. இத முடிச்சிட்டு வர்றேன்."

அதில் குத்தல் இல்லை. புதிதாகக் கற்றதைத் தப்பில்லாமல் சொல்லும் கவனம்தான் இருந்தது. பிறகு அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்ப சரியாச் சொன்னேனா?"

மேவிஸ் ஆமாம் என்று தலையாட்டினாள்.