மஞ்சள் போகாத கை

பச்சியப்பனுக்குப் பிணவறையில் இருபது வருட வேலை. கொலையானவர்களின் நகத்தை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். கொன்றவனின் தோல் அதில் ஒட்டியிருக்கும். உடலைக் குளிப்பாட்டிக் கொண்டுவருகிறவர்களிடம், "சாட்சியத் தண்ணில விட்டுட்டீங்களே" என்று எரிந்து விழுவார்.

கடத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் யுவராணி தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதும் ஓடினார். மகளின் கையெல்லாம் அழுக்கு. "எம்பொண்ணு இப்படியா போவணும்" என்று அழுதபடி மனைவி மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். இவர்தான் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டார்.

பிறகுதான் போலீஸ் வந்தது. பரிசோதனை முடித்த டாக்டர் வெளியே வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூக்கு இல்லைங்க பச்சியப்பன். கழுத்த நெரிச்சிருக்காங்க. யாருன்னு சொல்ல நகத்துல ஒண்ணுமே இல்லை. யாருங்க குளிப்பாட்டினது?"

பச்சியப்பன் தன் கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். மஞ்சள் இன்னும் போகவில்லை.