கறுத்த திரை

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் ஒரு சின்ன சினிமா மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. அங்கே தன் படத்தைக் காட்ட ஒரு கியூபாக்காரர் வந்தார். நாட்டை விட்டு ஓடிவந்தவர். மெலிந்த ஆள். கோடையிலும் கோட்டைக் கழற்றமாட்டார். படம் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டி நின்று சனத்தின் முகங்களையே பார்ப்பார்.

அந்த நாட்டுச் சிறைகளைப் பற்றிய படம். நடுவில் திரை கறுத்துப் போனது. அவருடைய குரல் மட்டும் கேட்டது.

"ஆப்பரேட்டர் தூங்கிட்டானா? லைட்டைப் போடுங்க அண்ணே!" என்றார் டிக்கெட் கிழிக்கும் மலேசியத் தமிழர். புரொஜெக்டர் பல்ப் போய்விட்டது என்று நானும் நினைத்து, லைட்டைப் போட்டேன். கியூபாக்காரர் ஓடிவந்து அதை அணைத்தார்.

படம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அவர் சொன்னது இது:

"அந்த இடத்தில வாறது என்ர தங்கச்சியின்ர கதை. ஒளிச்சு எடுத்த படம் கிடக்கு. ஆனா அவள் இன்னும் அங்கதான். முகத்தைக் காட்டினா திரும்பவும் பிடிச்சு அடைப்பாங்கள். அதால அவள் சொன்னதை நான் சொல்லுறன்."

முகம் இருந்தால்தான் வாங்குவோம் என்று ஒரு டிவிக்காரர் சொன்னாராம். இவர் ஏலாது என்றுவிட்டார்.

"அப்ப உங்கட படத்தை ஆர் பாக்கப்போகினம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் பாக்காட்டியும் பரவாயில்லை. அவள் வெளியில இருக்கட்டும்."

யாராவது பிரித்துப் பார்த்து அவனைப் பிடித்துவிடுவார்களோ என்று, யாழ்ப்பாணத்துக்கு எழுதும் கடிதங்களில் நானும் தம்பியின் பெயரை எழுதுவதில்லை. அதைச் சொன்னேன். தோளில் தட்டினார்.

ஒரு கிழமை படம் ஓடியது. ஒவ்வொரு நாளும் அந்த இடம் வருமுன், நான் போய் லைட் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன்.